சுவிஸ் சுருட்டும் அதன் இலையும்

சுவிட்சர்லாந்தில் சுருட்டு என்றவுடன் பலருக்குக் கியூபாவின் பெயரோ டொமினிக்கன் குடியரசின் பெயரோதான் நினைவுக்கு வருகிறது. ஆயினும் ஆர்காவ், லூசேர்ன், டிசினோ, வோ ஆகிய கன்டோன்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிய உள்ளூர்ச் சுருட்டுத் தொழில் ஒன்று உண்டு. அதன் இரு வடிவங்கள், அதாவது இரு முனைகளும் வெட்டப்பட்ட குட்டையான ‘ஷ்டும்பன்’ சுருட்டும், நடுவே புல்தண்டு செருகப்பட்ட நீண்ட ‘பிரிஸ்ஸாகோ’ சுருட்டும், நெடுங்காலம் அந்நாட்டு உழவரும் தொழிலாளரும் அன்றாடம் வாங்கிய எளிய பொருள்களாக இருந்தன. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களையோ உறையூர், திண்டுக்கல் சுருட்டுகளையோ அறிந்த தமிழ் வாசகருக்குப் புகையிலையை நடுவதையும் வெட்டுவதையும் உலர்த்துவதையும் விளக்க வேண்டியதில்லை. சுருட்டின் உள்ளமைப்பு, அதனுள் காற்று செல்லும் விதம், அதன் புகை உடலுக்குள் புகும் வழி, அந்த இலை சுவிட்சர்லாந்துக்கு வந்து சேர்ந்த பாதை ஆகியவையே இங்கு அறிமுகம் வேண்டுபவை.

நன்கு செய்யப்பட்ட சுருட்டில் மூன்று அடுக்கு இலைகள் இருக்கின்றன. நடுவில் இருந்து எரிந்து சுவையையும் வலிமையையும் தருவது உள்ளிலை. அதனைச் சுற்றி இறுக்கி வடிவம் தருவது கட்டிலை. எல்லாவற்றுக்கும் மேலே சரிவாகச் சுற்றப்பட்டு வெளித்தோற்றத்தைத் தருவது மேலிலை. கையால் சுற்றப்படும் கரீபியன் சுருட்டுகளில் உள்ளிலை முனையிலிருந்து முனைவரை நீளும் முழு இலையாக இருப்பதால் சாம்பல் உதிராமல் நீண்டு நிற்கிறது. இயந்திரத்தில் செய்யப்படும் ஷ்டும்பனில் நறுக்கிய துண்டிலையே அடைக்கப்படுவதால் சாம்பல் விரைவில் உதிர்கிறது. கட்டிலையும்கூடப் பல வேளைகளில் இயற்கை இலையாக இல்லாமல், புகையிலைத் தூளைக் கூழாக்கிக் காகிதம்போல் விரித்துச் செய்த தகடாக இருக்கும். கரீபியன் சுருட்டின் வாய்முனை ஒரு சிறு இலைத்துண்டால் மூடப்பட்டிருக்கும். அந்த மூடியின் விளிம்பைத் தாண்டி ஆழமாக வெட்டினால் மேலிலை முழுவதும் அவிழ்ந்துவிடும் என்பதால், முதன்முறை கையாளுவோர் மூடியின் மேற்பகுதியை மட்டும் மெல்லிதாக வெட்டியெடுப்பது வழக்கம். இரு முனையும் திறந்தே இருக்கும் ஷ்டும்பனுக்கு இத்தொல்லை இல்லை. இவ்வகையில் அது திருச்சிச் சுருட்டுக்கு உறவு எனலாம். 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் சாம்பலைப் பார்த்தே துப்பறிவாளர் இனங்கண்ட சுருட்டு அந்தத் திருச்சிச் சுருட்டுதான்.

சுருட்டு எரிவதற்கு வேண்டிய முதல் நிபந்தனை அதனுள் காற்று தடையின்றி ஓடுவதாகும். உள்ளிலை அளவுக்கு மீறி இறுகினால் புகை வராது. தளர்ந்தால் சூடு மிகுந்து வாய் எரியும். புட்டுக் குழலில் மாவை அழுத்தாமல் உதிரியாக நிரப்பினால்தான் ஆவி மேலேறும் என்பதை அறிந்த கை, சுருட்டு சுற்றும் கையின் நுட்பத்தையும் உடனே புரிந்துகொள்ளும். இந்தச் சிக்கலுக்குச் சுவிட்சர்லாந்தின் தென்கோடியில் பின்பற்றப்படும் தீர்வுதான் இத்தொழிலின் மிக வியப்புக்குரிய பகுதி.

டிசினோ கன்டோனில், மஜ்ஜோரே ஏரியின் கரையில், இத்தாலிய எல்லைக்கு மிக அருகே பிரிஸ்ஸாகோ என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 1847-ஆம் ஆண்டு ஒரு புகையிலைத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. எல்லைக்கு அப்பாலிருந்த லொம்பார்தி அப்போது ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அங்கே புகையிலை விற்பனை அரசின் தனியுரிமையாக இருந்ததால், 1848 ஜனவரியில் மிலான் நகரத்தார் ஆஸ்திரியாவின் வருவாயைக் குறைக்க எண்ணிப் புகைப்பதையே நிறுத்தினர். புகைத்தபடி தெருவில் நடந்த ஆஸ்திரியப் படையினருக்கும் மக்களுக்கும் மோதல் மூண்டு உயிர்கள் பலியாயின. அந்நியத் துணியைப் புறக்கணித்த தமிழ்நாட்டு வரலாற்றை அறிந்தவர்கள், ஒரு நுகர்பொருளைக் கைவிடுவதே அரசியல் ஆயுதமாகும் என்பதற்கு இதனைப் பழைய எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அந்தக் கொந்தளிப்பான எல்லையின் அருகே பிறந்ததுதான் பிரிஸ்ஸாகோ சுருட்டு.

அது பென்சிலைப் போல மெலிந்து நீண்டது; கரிய, கனத்த, எண்ணெய்ப் பசை மிகுந்த இலையால் ஆனது. இத்தகைய இலையை இவ்வளவு மெல்லிய உருளையாக, இவ்வளவு நீளத்துக்குச் சுற்றினால் காற்று ஊடுருவ இயலாது. ஏனெனில், துளைகள் நிறைந்த ஒரு பொருளின் வழியாகக் காற்று செல்லும்போது ஏற்படும் தடை, அது கடக்க வேண்டிய நீளம் கூடக் கூடக் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே சுருட்டைச் சுற்றும்போதே, நடுவே விறைப்பான ஒரு நீண்ட புல்தண்டை வைத்து, அதனைச் சுற்றி இலையை இறுக்குகின்றனர். வாய்முனையில் வைக்கோல் குழல் ஒன்று வாய்ப்பிடியாகப் பொருத்தப்படுகிறது. தண்டின் நுனி அதன் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. புகைப்பவர் அந்த நுனியைப் பிடித்து மெல்ல இழுக்க, தண்டு முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. சுருட்டின் நடுவே, முனையிலிருந்து முனைவரை, நேரான நுண்ணிய காற்றுவழி ஒன்று எஞ்சுகிறது.

எளிமையாகத் தோன்றும் இச்செயலின் பின்னே இயற்பியல் விதி ஒன்று இருக்கிறது. குழாயின் வழியே சீராகப் பாயும் பாய்மத்தின் அளவு, அக்குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரெஞ்சு மருத்துவரான புவாஸேய் நுண்குழாய்களில் சோதனை செய்து கண்டறிந்தார். அதாவது, ஆரம் இருமடங்கானால் பாய்வு பதினாறு மடங்காகிறது. இலைகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான நுண்ணிய இடுக்குகள் சேர்ந்து தரும் வழியைவிட, புல்தண்டு விட்டுச்சென்ற ஒரே துளை பல மடங்கு எளிதாகக் காற்றை விடுவதற்கு இதுவே காரணம். பிரிஸ்ஸாகோவில் சுருட்டு சுற்றிய தொழிலாளர்களுக்கு இந்த விதி சமன்பாடாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கைப்பழக்கத்தில் திரண்ட அறிவு ஆய்வகத்தில் திரண்ட அறிவுக்கு ஒருபோதும் தாழ்ந்ததில்லை என்பதற்கு இந்தப் புல்தண்டைவிடச் சிறந்த சான்று தேவையில்லை. இன்று தண்டை இழுக்கத் தெரியாமல் அப்படியே பற்றவைத்துவிட்டு, சுருட்டு பழுது என்று எறிந்துவிடும் சுற்றுலாப் பயணிகளும் உண்டு. ஒரு பொருளை வாங்குவோர் அது ஏன் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று ஒரு கணம் கேட்டுப் பார்த்தால், அதைச் செய்தவரின் உழைப்பு வீணாகாது.

பற்றவைக்கும் முறையிலும் பொறுமையே முதன்மையானது. சுருட்டின் முனையைச் சுடருக்குள் நுழைக்காமல், சுடருக்குச் சற்று மேலே பிடித்துச் சுழற்றி, விளிம்பு முழுவதும் ஒரே சீராகக் கனன்ற பின்பே இழுக்க வேண்டும். தீக்குச்சியாயின் அதன் மருந்து எரிந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்தால் போதுமானது; அதைவிட விரைந்து இழுத்தால் கனல் மிகுந்து புகை கசக்கிறது. இழுக்கும் புகையின் ஒரு பகுதி, எரியாத இலைகளில் படிந்துவிடுவதால், சுருட்டு குறுகக் குறுக அந்தப் படிவும் சேர்ந்து எரிந்து, கடைசிப் பகுதி மிகக் கடுமையாகிறது. எனவே கடைசி மூன்றிலொரு பங்கை விட்டுவிடுவதும், சாம்பற்கிண்ணத்தில் நசுக்காமல் தானே அணைய விடுவதும் நல்ல வழக்கங்கள். வெறும் வயிற்றில் முதன்முதலாகச் சுருட்டைத் தொடுபவருக்கு முகம் வெளிறி, வியர்த்து, குமட்டல் வருவதைப் பலர் பலவீனம் என்று கேலி செய்கின்றனர். அது பலவீனமன்று, அது நிக்கோடின் நச்சின் தெளிவான அறிகுறி. ஈரமான புகையிலைச் செடிகளைக் கையாளும் தோட்டத் தொழிலாளருக்குத் தோலின் வழியே நிக்கோடின் ஏறுவதால் வரும் நோயும் இதே அறிகுறிகளைக் கொண்டது.

சுருட்டுப் புகையை உள்ளிழுப்பதில்லை என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. ஆனால் அதன் காரணம் அவ்வளவாகத் தெரிந்ததன்று. சிகரெட்டுக்கான இலை பெரும்பாலும் வெப்பக் கூடங்களில் விரைந்து உலர்த்தப்படுவதால் அதில் சர்க்கரை தங்கிவிடுகிறது. அது எரியும்போது எழும் புகை அமிலத் தன்மை உடையதாகிறது. அமிலச் சூழலில் நிக்கோடின் மூலக்கூறு மின்னூட்டம் பெற்றிருப்பதால் வாயின் மென்தோலைக் கடப்பது அதற்குக் கடினம்; அதனால் சிகரெட் புகைப்பவர் அதை நுரையீரல்வரை இழுக்க நேர்கிறது. சுருட்டுக்கான இலையோ காற்றில் மெதுவாக உலர்ந்து, பின்னர் குவியல்களாக அடுக்கப்பட்டு, தன் சூட்டிலேயே வாரக்கணக்கில் நொதித்து, அம்மோனியாவை வெளிவிட்டு, சர்க்கரையை ஏறத்தாழ இழந்துவிடுகிறது. அதன் புகை காரத்தன்மை உடையது. காரச் சூழலில் நிக்கோடின் மின்னூட்டம் இழந்து, வாயிலிருந்தே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. வெற்றிலையுடன் புகையிலை போடுவோர் சுண்ணாம்பு தடவுவதன் வேதியியலும் இதுவே.

இதிலிருந்து பெறப்படும் முடிவு ஆறுதல் தருவதன்று. உள்ளிழுக்காததால் சுருட்டு தீங்கற்றது என்ற நம்பிக்கை முற்றிலும் தவறானது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்குச் சுருட்டு காரணமாகிறது என்பது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட விரிவான தொகுப்பிலேயே நிறுவப்பட்டுவிட்டது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டிச் சிகரெட்டில் இருக்கும் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வெற்றியின் அடையாளமாகவும் ஆண்மையின் அடையாளமாகவும் திரைப்படங்கள் பழக்கிவிட்ட இப்பொருளை, திருமண மண்டபத்துக்கு வெளியே இளைஞர் கூடி நின்று படமெடுத்துக்கொள்ளும் அணிகலனாக மாற்றுவது அறியாமையின் பாற்பட்டது. சுருட்டின் கைவினையை மதிப்பதற்கு அதைப் புகைப்பது ஒரு நிபந்தனையே அன்று.

சுவிட்சர்லாந்தின் குளிர்காலம் சுருட்டுக்குப் பகையானது. வெளியே உறைபனியாக இருக்கையில் வீட்டுக்குள் வெப்பமூட்டி இயங்குவதால் அறைக்காற்றின் ஈரப்பதம் வெகுவாகக் குறைந்து, மேலிலை சில நாள்களிலேயே வெடிக்கிறது. கையால் சுற்றிய சுருட்டு ஏறத்தாழ 70 சதவீத ஈரப்பதத்தில், 20 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். வெப்பம் கூடினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்துச் சுருட்டைத் துளைத்துவிடும். இதற்கெனச் செய்யப்படும் பெட்டியை ‘ஹியூமிடோர்’ என்பர். அதன் உட்புறம் ‘ஸ்பானியச் சீடர்’ மரத்தால் ஆனது. பெயரில் சீடர் என்றிருந்தாலும் அது தேவதாருவுக்கு உறவன்று. வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். இம்முறையைச் சுவிட்சர்லாந்தில் புகழ்பெறச் செய்தவர் இன்றைய உக்ரைனில் 1906-இல் பிறந்து, 1911-இல் பெற்றோருடன் ஜெனீவாவுக்கு அகதியாக வந்த சீனோ டாவிடோஃப் ஆவார். இளமையில் தென் அமெரிக்காவிலும் கியூபாவிலும் புகையிலையைக் கற்றுத் திரும்பிய அவர், தந்தையின் கடையில் சுருட்டுகளுக்கென ஈரப்பதம் காக்கும் நிலவறை ஒன்றை அமைத்தார். அவருடைய வணிகத்தைப் பாசல் நகரத்து எட்டிங்கர் நிறுவனம் 1970-இல் வாங்கியது; கியூபாவோடு ஏற்பட்ட தரப் பூசலில் 1989-இல் ஒரு லட்சத்து முப்பதாயிரம் சுருட்டுகள் பொதுவில் எரிக்கப்பட்டன; அதன்பின் உற்பத்தி டொமினிக்கன் குடியரசுக்கு மாறியது.

டாவிடோஃபின் பெயரை உலகம் அறிந்த அளவுக்கு, ஆர்காவ் கன்டோனின் வீனன்டால் பள்ளத்தாக்கில் சுருட்டுச் செய்தவர்களை உலகம் அறியவில்லை. பருத்தி நெசவு நலிந்தபோது அப்பள்ளத்தாக்கின் மென்சிக்கன், ரைனாக் முதலிய ஊர்கள் புகையிலைக்கு மாறி, ‘ஷ்டும்பன் நாடு’ என்ற செல்லப் பெயரையே பெற்றன. பூர்க் என்னும் சிற்றூரில் 1864-இலும், அருகே லூசேர்ன் கன்டோனின் ஃபெஃபிகோனில் 1888-இலும் தொடங்கிய குடும்ப நிறுவனங்கள் பின்னர்ப் பெருகி வளர்ந்தன. ஃபெஃபிகோன் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் வில்லிகர் 1902-இல் மறைந்தபோது, பொறுப்பேற்று நடத்தியவர் அவருடைய மனைவி லுயீஸ். 1910-இல் எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் டீங்கனில் கிளை திறந்தவரும் அவரே. அக்குடும்பத்தில் வந்த காஸ்பர் வில்லிகர் 1989 முதல் 2003 வரை சுவிஸ் கூட்டாட்சி அமைச்சரவையில் இருந்தார். இவை பதிவான வரலாறுகள். இலையின் நடு நரம்பை உரித்தெடுக்கும் வேலையை வீட்டுக்கு வாங்கி வந்து, சமையலறை மேசையிலேயே செய்த பெண்களும் சிறுவரும் அவ்வளவு தெளிவாகப் பதிவாகவில்லை.

யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களின் நிலையும் இதுதான். தென்னிலங்கை நகரங்களில் யாழ்ப்பாண வணிகர் நடத்திய சுருட்டுக் கடைகளைப் பற்றிப் பேசுவோர் உண்டு. அக்கடைகளுக்கான சுருட்டைக் கொட்டிலில் வரிசையாக அமர்ந்து சுற்றிய கைகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அவர்கள் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்கும் வழக்கம் அக்கொட்டில்களில் இருந்தது. கியூபாவின் தொழிற்சாலைகளிலும் 1865 முதல் இத்தகைய வாசிப்பாளர் இருந்துவருகிறார். ஒன்றையொன்று அறியாத இரு தீவுகளில் ஒரே வழக்கம் தோன்றியதற்கு வேலையின் இயல்பே காரணமாகலாம்: கைகளும் கண்களும் இலையில் கட்டுண்டிருக்கச் செவி மட்டும் ஓய்வாக இருக்கிறது.

மேலிலையின் வரலாறு தமிழரைச் சுவிட்சர்லாந்தோடு இன்னும் நேராகவே பிணைக்கிறது. மேலிலையாவதற்கு இலை மெல்லியதாகவும், இழுபடக்கூடியதாகவும், நரம்பு புடைக்காததாகவும் இருக்க வேண்டும். இத்தகைய இலை 1860-களில் சுமாத்திராவின் கிழக்குக் கரையில், மேடான் நகரைச் சூழ்ந்த டெலி பகுதியில் விளைவது கண்டறியப்பட்டதும், ஐரோப்பியச் சுருட்டுத் தொழில் முழுவதும் அதனைத் தேடியது. டச்சுக்காரரான நின்ஹாயிஸ் 1863-இல் அங்கே தோட்டம் தொடங்கினார். அவரைத் தொடர்ந்து சென்றவர்களில் சுவிஸ் தோட்டக்காரரும் இருந்தனர். நடவுக்கும் இலை பராமரிப்புக்கும் பெரும்பாலும் சீனத் தொழிலாளரும், பின்னர் ஜாவாத் தொழிலாளரும் அமர்த்தப்பட்டனர். காடழித்த நிலத்தில் வடிகால் வெட்டவும், சாலை போடவும், மாட்டுவண்டி ஓட்டவும் தமிழர் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தத்தை மீறிய கூலியைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்யும் சட்டம் 1880-இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. இன்று கம்போங் மெட்ராஸ் எனப்படும் மேடானின் தமிழர் பகுதியும், அங்கே 1884-இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் அத்தொழிலாளரின் வழியில் வந்தவையே.

அதே 1880-களில், சுமாத்திராவில் பத்தாண்டுக் காலம் புகையிலைத் தோட்டம் நடத்திப் பெருஞ்செல்வத்தோடு திரும்பிய கார்ல் ஃபூர்ஷ்டெகோட் குரோப் என்பவர், சூரிச் நகரில் ஒரு மாளிகை கட்டினார். 1883-இல் தொடங்கி 1885-இல் முடிந்த அம்மாளிகைக்குத் தம் தோட்டம் ஒன்றின் பெயரையே சூட்டி, ‘பட்டும்பா’ என்றழைத்தார். வண்ணம் தீட்டிய முகப்பும் ஆசியச் சாயல் கொண்ட உள்ளலங்காரமும் உடைய அது, 2013 முதல் சுவிஸ் மரபுக் காப்பு அமைப்பின் மையமாக விளங்குகிறது. தம் நாட்டுக்கெனக் குடியேற்றங்கள் இல்லாதபோதும் பிறருடைய குடியேற்றங்களில் சுவிட்சர்லாந்து பங்கு பெற்றது என்ற உண்மையை அந்நாடு இப்போதுதான் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கிறது. சூரிச் தேசிய அருங்காட்சியகம் 2024-இல் இதற்கெனவே ஒரு கண்காட்சி நடத்தியது. சூரிச்சில் வாழும் தமிழர் பலர், தம் மொழி பேசியவர்களின் உழைப்பும் கலந்து எழுந்த மாளிகை தம் நகரிலேயே இருப்பதை அறியாமல் அதனைக் கடந்து செல்கின்றனர். தமிழ்ப் பாடசாலைகள் பிள்ளைகளுக்கு மன்னர்களின் வெற்றிகளைக் கற்பிக்கச் செலவிடும் நேரத்தில் ஒரு சிறு பங்கையேனும் இதற்கு ஒதுக்குவது நன்று.

இன்று சுவிட்சர்லாந்தில் புகையிலை வரி முதியோர் ஓய்வூதியமாகிய ஏ.எச்.வி.க்குச் செல்கிறது, மூடிய பொதுவிடங்களில் புகைப்பதை 2010 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் கட்டுப்படுத்தியது, பிள்ளைகளைச் சென்றடையும் புகையிலை விளம்பரங்களைத் தடைசெய்ய 2022 பிப்ரவரி 13 அன்று 56 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் ஒப்புதல் அளித்தனர், 2024 அக்டோபர் முதல் பதினெட்டு வயது நிரம்பாதோருக்குப் புகையிலை விற்பது நாடு முழுவதும் குற்றமாகிவிட்டது. ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுருட்டின் அறிமுகம் கடையிலிருந்து தொடங்க இயலாது, பட்டும்பாவிலிருந்து தொடங்கலாம். மாளிகை சூரிச்சின் சோலிக்கர்ஷ்ட்ராஸே 128-இல் உள்ளது. அதனைச் சுற்றியுள்ள பூங்கா பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது.